சுவரோரம் நின்ற பக்கம்

பதினேழு புகைப்படம் கிடைத்தது.
பதினேழிலும் இடப்பக்கம்.

ப்ர்னோ, அறுபத்தேழு, ஆகஸ்ட்.
ஸோரா ஆயிரத்து முந்நூறு, எண் நாற்பத்தொன்று.
வைக்கோல் கட்டுகளை உரசிப் பறக்கும்போதும் இடம்.
பெட்ரோல் பீப்பாய்களுக்கு நடுவே நிற்கும்போதும் இடம்.
மழையில் ஒரு நாய் முகர்ந்து பார்க்கிற படத்திலும்
நாய்க்குக் கிடைத்தது இடம்தான்.

வண்டி எங்கே என்று கேட்காதீர்கள்.
எழுபத்திரண்டில் உருக்கிவிட்டார்களாம்.
எந்த ஊர்த் தண்டவாளமோ, யார் வீட்டு வாணலியோ.

நான் பல் கட்டுகிறவன்.
ஒலோமோட்ஸில், மருந்துக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
வலக் கடைவாய் உடைந்து வருகிறவருக்கு
இடக் கடைவாயைத் திருப்பிப் போட்டுத்தான் அச்சு.
ஒரு வாரத்தில் வாய் நம்பிவிடும்.

வண்டிக்கும் அதுவே.
சக்கரம் பதினைந்து அங்குலம், அது பொய் சொல்லாது;
அதை அளவுகோலாக்கித் திரையில் புள்ளி வைத்தேன்,
புள்ளிகளை இழுத்துத் தகடாக்கினேன்.
முன்விளக்கின் இமைக்கு மட்டும்
நான்கு சனிக்கிழமை.
கடைசியில் பாதி வண்டியை அப்படியே புரட்டி
மறுபாதியாக ஒட்டினேன்.
நாற்பத்தொன்று இடவலம் மாறி இளித்தது.
அதை மட்டும் திருத்தினேன்.

பதினொரு நாட்டில் ஓட்டினார்கள்.
கொர்டோபாவிலிருந்து ஒரு பையன்
முதல் வளைவிலேயே கவிழ்த்துவிட்டு எழுதினான்:
வயிறுகூடச் சரியாக இருக்கிறது.

மூன்றாம் மாதம் ஒரு கடிதம், கையெழுத்தில்.
த்ரஹொமீரா ஷ்வெஸ்த்கோவா, வயது எண்பத்தொன்று.
'வண்டி அழகு. வலப்பக்கம் பொய்.'

பயிற்சியன்று பாலத்துச் சுவர் வலக்கதவைத் தின்றுவிட்டது.
ஊரில் இன்னொரு ஸோரா இருந்தது,
மருத்துவமனை ஆம்புலன்ஸ்.
அண்ணனும் நானும் இரவில் திருப்புளியோடு போனோம்.
காவலாளி தூங்கினான், அல்லது தூங்குவதாகக் காட்டினான்.
வெள்ளைக் கதவு. பச்சைப் பெயின்ட்
ஒரு பூச்சுக்குத்தான் வந்தது.
அடியிலிருந்து சிவப்புச் சிலுவை எட்டிப் பார்த்தது.
அதனால்தான் எப்போதும் சுவரோரம் நிறுத்தினோம்.
படமெடுக்க வந்தவனுக்குப் பிளம் சாராயம் ஊற்றி
இந்தப் பக்கமே உட்கார வைத்தோம்.
ஓடும்போது கவலையில்லை,
சாலைக்கு அந்தப் பக்கம் நிழலில்லை,
நிழலில்லாத பக்கம் எந்தப் படக்காரன் நிற்பான்?

பொறாமையாக இருந்தது.
ஐம்பத்தைந்து ஆண்டு ஒரு பொய்யைக்
காரைவிட நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்.

கதவை மாற்றினேன்.
ஒரே பூச்சு. அடியில் சிலுவை,
நேராகப் பார்த்தால் இல்லை,
வெயில் சாய்ந்தால் உண்டு.
நாலாயிரம் சுற்றுக்கு மேல் கதவு
தட்டில் கரண்டி போலக் கடகடக்க வேண்டும் என்றாள்.
சமையலறையில் பதிவு செய்தேன்.

ரயிலேறி வந்தாள்.
ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
ஓட்டாதே, நிறுத்து, சுற்றிக் காட்டு என்றாள்.
எலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.
நடுங்கும் விரலால்
வாலைக் கடந்து, பெட்ரோல் மூடியைக் கடந்து
மெதுவாக வலம் வந்தாள்.

கதவெதிரே நின்றாள்.
சிலுவை இன்னும் ஒரு விரற்கடை மேலே, என்றாள்.
ஏற்றினேன்.
இன்னும்.
ஏற்றினேன்.
ம்.

பிறகு தேநீர் ஆறும்வரை பேசவில்லை.
திடீரென்று:
ஆம்புலன்ஸ் எங்கே?
செய்யவில்லை என்றேன்.
அப்படியானால் இந்தக் கதவை எங்கிருந்து எடுத்தாய்?

இப்போது ஆம்புலன்ஸ் செய்துகொண்டிருக்கிறேன்.
எந்தப் பந்தயத்திலும் ஓடாது, யாரும் இறக்கிக்கொள்ளப் போவதில்லை.
அந்த ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு பிரசவம் போனதாம்,
கதவுக்குப் பதில் பழுப்புக் கம்பளி கட்டி.
கம்பளி காற்றில் எப்படி அடித்துக்கொள்ளும் என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.