நாலு நல்ல பல்

சனிக்கிழமை மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து
கிளிநொச்சிக்கு வருகிறவர் அந்தப் பல் டொக்டர்.
பாமசிக்குப் பின்னால் ஓர் அறை.
ஏசி இருந்தது, போடவில்லை.
அபிசனாவின் வாயை ஏழு நிமிடம் பார்த்தார்.
"தாடை சின்னன், பல்லுப் பெரிசு.
நாலைப் புடுங்கிப்போட்டுக் கம்பி கட்டுவம்.
ரெண்டு வருசம். மூண்டரை லட்சம்.
பகுதி பகுதியாத் தரலாம்."

எந்த நாலு என்று கேட்டேன்.
பேனை மூடியால் எக்ஸ்ரேயில் காட்டினார்,
மேலே இரண்டு, கீழே இரண்டு.
சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை,
முளைத்து இரண்டு வருடம்கூட இராது.
"நல்ல பல்லுத்தானே டொக்டர்?"
"நல்ல பல்லுத்தான்" என்றார்.
அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

என் வேலையைச் சொல்ல வேண்டும்.
ஏழு வருடமாய் முகமாலைப் பக்கம்
முழங்காலில் நின்று மண் சுரண்டுகிறேன்.
சில நாள் ஒரு பாய் அகலம்,
சில நாள் அதுவும் இல்லை.
இருக்கக் கூடாததைத்தான் எடுக்கிறோம்.
அதையும், நான் முடிந்தது என்றால் முடிந்ததல்ல.
பின்னால் ஜெனிற்றா வருவாள்.
நான் தடவிய அதே நிலத்தை
ஒருவரும் தொடாத நிலம்போலத் தடவுவாள்.
எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.
அவள் தலையாட்டிய பிறகுதான்
யாருடையதோ மாடு அதில் கால் வைக்கும்.

ஆனால் டொக்டரிடம்
இன்னொருவரிடமும் காட்டப்போகிறேன் என்று சொல்ல
நாக்கு எழும்பவில்லை.
"யோசிச்சுச் சொல்லுறம்" என்றேன்.
எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்க
றோட்டுவரை போய்த் திரும்பி வந்தேன்,
களவெடுக்க வந்தவள்போல.

"ரெண்டு பேரிட்டக் கேட்டா
மூண்டு கதை வரும்" என்றாள் மச்சாள்.

வவுனியா ஆஸ்பத்திரி.
விடியமுன் பஸ். ஒருநாள் சம்பளம் போச்சு.
மாத்தறைப் பக்கத்து டொக்டர்,
என்னிலும் இளையவள், உடைந்த தமிழ்.
எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
கனநேரம் பேசவில்லை.
அந்தப் பேசாமை எனக்குத் தெரியும்.
டிடெக்டர் ஒருமுறை முனகி அடங்கினால்
எங்கள் வரிசையில் விழுகிற பேசாமை.

"இந்த வேட்டைப்பல் இன்னும் மேல.
இறங்க இல்ல. ஆறு மாசம் பொறுங்க.
நாலும் எடுக்க வேணும், இப்ப சொல்ல ஏலாது.
எடுக்க வேணாம், அதுவும் சொல்ல ஏலாது."

ஓம் அல்லது இல்லை
என்ற ஒரு சொல்லுக்காக
எழுபது கிலோமீட்டர் வந்தவள் நான்.
கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை.
பிறகு நினைத்தேன்:
இரண்டு பேர் இரண்டு விதம் சொன்னால்
நாங்களும் சிவப்புக் கட்டை அடித்துவிட்டுத்தானே போகிறோம்.
அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு.

கம்பி வேண்டும் என்று கேட்டது அபிசனாதான்.
வகுப்புப் படத்தில் எல்லோரும் சிரிக்க
உதட்டை இறுக்கி நிற்கிறாள்.
வீட்டிலும் சிரித்தால் கை வாய்க்குப் போகும்.
இவ்வளவு நேரமும் பேசாதவள் இப்போது கேட்டாள்:
"கம்பி போட்டா பாலைப்பழம் சாப்பிடலாமா மிஸ்?"

டொக்டருக்கு விளங்கவில்லை.
நான் உதட்டை இரு விரலால் ஒட்டிப் பிடித்துக் காட்டினேன்.
"ஆ, பலு!"
அவள் சிரித்தாள்.
முன்பல் ஒன்று மற்றதன்மேல் ஏறியிருந்தது.
மூடவில்லை.
"ஏலாது மகள். ரெண்டு சீசன் போகும்."

மாங்குளத்தில் ஒரு பெடியன் பஸ்ஸுக்குள் ஏறினான்.
பிளாஸ்டிக் கோப்பை நிறையப் பாலைப்பழம்,
இருநூறு ரூபாய்.
பேரம் பேசாமல் வாங்கினேன்.

முறிகண்டிவரை அவள் ஒன்றும் பேசவில்லை,
உதடு ஒட்டிப் போயிற்று.
மூக்குக்குக் கீழே, தோலுக்கு உள்ளே,
நாக்கு நகர்வது மட்டும் தெரிந்தது,
மேல் ஈறு நெடுக,
ஒரு நெல் அளவு,
நின்று,
பிறகு இன்னொரு நெல் அளவு.