சென்ற கூட்டத்தின் அறிக்கை

வலயத்திலிருந்து சுற்றுநிருபம் வந்தது:
ஒவ்வொரு பாடசாலையிலும்
ஒன்பது மன்றங்கள் இயங்க வேண்டும்.

பத்தாம் தரத்தையும் பதினோராம் தரத்தையும் கூட்டினால்
நாங்கள் பதினொரு பேர்.
மழை பெய்தால் பதின்மூன்று.
அன்று பால்வெட்டு இல்லை,
ரூபகாந்தும் செல்வமலரும்
அம்மாமாருக்கு வாளி தூக்கப் போகமாட்டார்கள்.

ஆகவே வியாழக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடவேளையும்
அதே பதினொரு பேர் அதே வாங்குகளில்
தமிழ் மன்றமாக எழுந்து
விஞ்ஞான மன்றமாக உட்கார்ந்தோம்.
சுற்றாடல் கழகத் தலைவி ஜன்னலைத் திறந்தாள்.
நுளம்பு வருமென்று
சுகாதாரக் கழகத் தலைவி அதை மூடினாள்.
இரண்டும் யேசுராணிதான்.

என் எழுத்து வடிவானதாம்.
ஒன்பதுக்கும் நானே செயலாளர், ஒன்பது கொப்பிகள்.
‘சென்ற கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டு
ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.’
வேறெப்படி?
மறுத்துப் பேச ஆள் மிச்சமில்லை.

சதுரங்கக் கழகத்துக்கு ஒரு பலகை.
கறுப்பில் ஒரு கோட்டையைக் காணோம்,
நாங்கள் சேர்வதற்கு முன்பிருந்தே.
இடக்கைப் பக்க மூலையில் ஒரு ரப்பர் விதை வைத்தோம்.
காய் வெடிக்கும் மாதமென்றால்
உதிரிக் கோட்டைகள் தகரத்தில் சடசடவென்று விழும்.
ஒரே குறை, விதை உருளும்.
நகர்த்தினால் பக்கத்துக் கட்டத்துக் குதிரையையும் சாய்த்துவிடும்.
அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை.

ஒரு சனிக்கிழமை, விடியாத ரயிலில்,
டிலோஜன், யேசுராணி, நான், புஷ்பகாந்தன் சேர்.
புவக்பிட்டியில் ஏறி
பாதுக்கையில் வெளிச்சம் பார்த்து
நுகேகொடையில் நெரிசலில் ஒற்றைக் காலில் நின்று
கோட்டையில் இறங்கினோம்.
“கோட்டையைத் தேடிக் கோட்டைக்கே வந்தாச்சு” என்றார் சேர்.
யாரும் சிரிக்கவில்லை. பசி.

பதிவு மேசையில் கேட்டார்கள்:
“எந்த மாவட்டம்?”
“கொழும்பு.”
“இல்லை, எங்கயிருந்து வாறீங்க?”
“கொழும்பு” என்றாள் யேசுராணி மறுபடியும்,
சேற்றுச் சப்பாத்தை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டே.

மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றின.
முப்பத்திரண்டு காய்களும் மரத்தில்,
அடியில் பச்சைத் துணி ஒட்டி.
டிலோஜன் முதல் சுற்றில் தோற்றான்.
இரண்டாவதிலும்.
பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் பட்டது:
எந்த நிறம் கிடைத்தாலும்
இடது மூலைக் கோட்டையை அவன் அசைப்பதேயில்லை.
கை அதுவரை போகும், திரும்பிவிடும்.

சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி சொன்னேன்:
“டேய், அது நிக்கும்.”

மூன்றாம் சுற்றில் எதிரே
முன்பல் விழுந்த ஒரு பொடியன்.
டிலோஜன் கோட்டையைத் தூக்கினான்.
வைத்தான்.
விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்திருந்தான்.
அது நின்றது.

வென்றான். பொடியன் அழுதான்.
முதலுதவிக் கழகம், அதாவது யேசுராணி,
பையிலிருந்து ஒரு டொபி எடுத்துக் கொடுத்தாள்.
அவனுடைய அண்ணன் கேட்டான்,
“நீங்களும் செஸ் கிளப்பா?”
“ஒன்பது கிளப்பிலும் இருக்கிறன்.”
“ஒன்பதா? எங்களுக்கு ஒண்டுக்கே நேரமில்லை.”

அடுத்த வியாழன் மழை.
வருகை பதின்மூன்று.
புதுச் சதுரங்கப் பலகை வாங்க வேண்டுமென டிலோஜன் பிரேரித்தான்.
கையிருப்பு நூற்று நாற்பது ரூபாவென்றார் பொருளாளர்.
சேர்க்கும் காசில் முதலில் வலைப்பந்து வளையத்துக்கு வலை,
பந்து விழுந்ததா இல்லையா என்றே
சண்டை பிடிக்கிறோமென்றாள் செல்வமலர்.
மழைக்கு மட்டும் வருகிறவளுக்கு வாக்கு உண்டா என்று ஒருவர் கேட்டார்.
உண்டு என்று தீர்மானிக்கப்பட்டது.

வலைக்கு ஏழு, பலகைக்கு ஆறு.
கொப்பியில் முதன்முறையாக
‘ஏகமனதாக’ என்று எழுதிவிட்டு, வெட்டினேன்.
என் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்பது
அறிக்கையில் இல்லை.

பிறகு விஞ்ஞான மன்றம் கூடியது.
ரூபகாந்த் விதையை எடுத்துப்போய்
வாசல் சீமெந்துப் படியில்
அடிப்பக்கம் தட்டையாகும்வரை தேய்த்தான்.
ஊதினான்.
பலகையில் வைத்தான்.

கூட்டம் ஒன்று முப்பதுக்கு நிறைவெய்தியது.
ஒருவரும் எழும்பவில்லை.