சும்மா இருப்போர் குழு

செவ்வாயும் வெள்ளியும்
சாட்ஸ்வொர்த் சமூகக் கூடத்தின் மாடியில்
நாற்பத்தோரு கைகளுக்குப் பட்டை சுற்றுகிறேன்.
மேலே ஓர் எண், கீழே ஓர் எண்.

உறைகளைப் பிரித்த அன்று
இருபத்தொருவருக்கு நடை விழுந்தது.
மைதானம், விசில், ஆளுக்கொரு ஆரஞ்சு.
மற்ற இருபது பேருக்கு
வழக்கம்போல் இருங்கள் என்று
பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம்.
தாளில் அவர்களுக்கு வேறு பெயர்.
என் வாயில்
சும்மா இருப்போர்.

யார் எந்தக் குழு என்று
எனக்குத் தெரியக் கூடாதாம்.
கண்கட்டு என்கிறது விதி.
செருப்பில் ஒட்டிய செம்மண்ணுக்கு
யார் கட்டுவது?
மண்ணைப் பார்த்த பிறகு
நூற்று முப்பத்து நான்கில் எழும் துடிப்பு
என் காதுக்கு
நூற்று முப்பதாகக் கேட்கிறது.
ஏட்டைப் புரட்டினேன்,
பக்கம் பக்கமாய்க் கடைசி இலக்கம் பூஜ்யம்.
யாருடைய ரத்தமும்
இத்தனை வட்டமாய் ஓடாது.

ஐந்து நிமிடம் உட்காரவைத்து அளக்க வேண்டும்.
நாற்காலிகள் ஆறு.
மின்வெட்டு வெள்ளியன்று
லிஃப்ட் நின்று
படியேறி வந்தவர்கள் சுவரோரம் மூச்சிரைக்க,
அதையும் எழுதினேன்.

லோகாம்பாள் நாய்க்கர்
ஆறாம் வாரத்தோடு வரவில்லை.
தையல் ஆலையில் இரவு ஷிப்ட்.
அவள் வரிசையில் வெற்றுக் கட்டங்கள்.
சராசரியை வைத்து நிரப்பிவிடலாம்
என்கிறார் பேராசிரியர்.
லோகாம்பாளை நிரப்புவதென்றால்
எங்கே தொடங்குவார்,
அந்த இடது முழங்காலிலா,
எல்லோருக்கும் பெயர் வைக்கும் வாயிலா?

போன ஞாயிறு விடியலில்
சில்வர்க்ளென் காட்டுப் பாதையில்
எதிரே வந்தார் பூபாலன் படையாச்சி.
சும்மா இருப்போர், எண் பதினேழு.
முதுகெல்லாம் வியர்வை.
என்னைக் கண்டதும் ஒரு மரத்தின் பின்னே ஒளிந்தார்.
மரம் ஒல்லி.

"எழுதிடாதீங்க சிஸ்டர்.
என் தம்பி நாப்பத்தொன்பதுல போனான்.
அந்தக் கடிதத்தைப் படிச்சிட்டு
எப்படிச் சும்மா இருக்கிறது?"

அவருக்குக் குறைந்திருக்கிறது.
ஆரஞ்சு தின்றவர்களுக்கும் குறைந்திருக்கிறது.
இரண்டு பக்கமும் இறங்கினால்
நடுவில் இருப்பது கரையும்.
கரைந்தால்
நடையால் பயன் தெரியவில்லை என்று
தாளில் ஏறும்.
இப்படி எத்தனை பூபாலன்கள்
எத்தனை ஊர்த் தாள்களில்
மரத்துக்குப் பின்னால் நிற்கிறார்கள்?

எழுதினேன்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கடைசிப் பக்கத்தில் வந்தது:
சான்றின் தரம், குறைவு.

பூபாலனிடம் சொன்னேன்.
"குறைவா?" என்றார்,
முகம் மலர்ந்து.
"அதுக்குத்தானே சிஸ்டர் நடந்தேன்."

அன்றிரவு கூடத்தைப் பூட்டுமுன்
என் கையிலேயே பட்டையைச் சுற்றினேன்.
முழுதாக ஐந்து நிமிடம்,
ஆறு நாற்காலியும் எனக்கே.
நூற்று நாற்பத்தாறு.
ஆறை அப்படியே விட்டேன்.