மறை முப்பத்தாறு

வேலையால் வந்ததும் முதல் வேலை
ஹீட்டரைப் போடுறது.
நாலு வால்வும் சூடாக இருபது நிமிசம் விடுவன்.
அதுக்குள் முழங்கால் மண் போகக் குளிக்கலாம்,
சோறும் வடிக்கலாம்.

அடிப்பலகை வெடிப்பெட்டி மரமில்லை.
எல்லாரும் அப்படித்தான் கேட்கினம்.
தருமபுரத்தில் வாங்கின வேம்பு,
ஆயிரத்து இருநூறு ரூபா, ரசீது இருக்கு.
ரான்ஸ்போமர், பம்ப் மோட்டர் சுத்துற கேதாரன் சுத்தினது.
முதல் இரண்டும் புகைஞ்சது.

கிறிட்டுக்கு மறை முப்பத்தாறு வோல்ற்.
மறை என்றால் இங்கே வேதமில்லை,
ஒளிக்கிறதும் இல்லை.
பூச்சியத்துக்குக் கீழே இறங்கி நின்று
ஓடி வருகிறதைப் பார்த்து
கொஞ்சம் பொறு என்கிற அளவு.
பொறு என்றது காணாவிட்டால்
வால்வின் வயிறு சிவக்கும்.
கூடிப்போனால் குளிர்ந்துவிடும்:
பெரிய சத்தம் ஒழுங்காய் வரும்,
மெல்லிய சத்தம் கிழியும்.
ஒரு வால்வ் மற்றதிடம் அலையைக் கைமாற்றுகிற இடத்தில்
இரண்டும் நித்திரை.

காலமை ஏழரைக்குக் களத்திலும்
இதே திருகல், வேறு பெட்டி.
சோதனைத் துண்டைப் புதைத்து
டிற்றெக்டரின் காதைச் சரிப்படுத்துவோம்.
கூட்டி வைத்தால் ஆணிக்கும் அழும்,
சோடா மூடிக்கும் அழும்,
ஒரு மீற்றர் நகர ஒரு நாள் போகும்.
குறைத்து வைத்தால்
என்ன என்று நாங்கள் கதைக்கிறதில்லை.

கண்டாவளைக் கரண்டுக்கு ஒரு சொல் கிடையாது.
ஆறு மணிக்கு அரிசி ஆலை ஓடும்: இருநூற்று ஐந்து.
பத்துக்கு ஆலை நிற்கும், ஊர் படுக்கும்:
இருநூற்று நாற்பத்தாறு.
பின்னேரம் வைத்த பயஸ் பதினொன்றுக்குப் பொய்.
முந்தாநாள் அரைக்கண்ணில் பார்க்கிறன்,
மூன்றாவது வால்வ்
அடுப்புக்குள் விட்ட தோசைக்கரண்டி மாதிரி.
பாய்ந்து நிற்பாட்டினன்.

நிற்பாட்டினதும் தொடக் கூடாது.
கொண்டென்சருக்குள்
நானூற்று முப்பது வோல்ற் அப்படியே இருக்கும்,
ஆள் போன வீட்டில் நாய் இருக்கிற மாதிரி.
ரெசிஸ்ரரைக் கொடுத்து இறக்கி,
மீற்றரைப் பார்த்து,
இன்னொருக்கால் பார்த்து.
இடக்கை எப்பவும் முதுகுக்குப் பின்னால்.
விஜிதமலர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"வேலையில காணாதெண்டு
வீட்டிலயும் ஒண்டு செய்து வைச்சிருக்கிறாய்."

இண்டைக்கு ஊர் படுக்கும்வரைக்கும் இருந்தன்.
பத்து ஓம் ரெசிஸ்ரருக்குக் குறுக்கே ஊசி:
புள்ளி மூன்று ஐந்து வரவேணும்.
மூன்று வால்வ் ரஷ்யாக்காரர், சொல்லுக் கேட்டினம்.
நாலாவதில் எழுத்து அழிந்துபோச்சு,
எந்த ஊரென்று தெரியாது.
ஒரே மறையைக் கொடுத்தால்
அது மட்டும் புள்ளி நாலு ஒன்று குடிக்குது.
நடுவில் வைத்தால் நாலுக்கும் பிழை.
பழைய ரேடியோவின் சத்தக் குமிழைக் கழற்றி
அதுக்கென்று தனித் திருகி வைத்தன்.
நாற்பது வோல்ற் கேட்டது. கொடுத்தன்.
இருக்கட்டும்.

பதினொன்றரை.
ரேடியோ வயரைக் கொளுவினன்.
பாட்டு வருமென்றுதான் பார்த்தன்,
மரண அறிவித்தல்.
எங்கேயோ பிறந்து எங்கேயோ வசித்த ஒருவர்,
எனக்குத் தெரியாதவர்.
அன்னாரின் மக்கள், மருமக்கள்,
நீண்ட வரிசை.
ஒரு பெயருக்கும் மற்றப் பெயருக்கும் நடுவில்
வாசிக்கிற பெண் எச்சில் விழுங்கினது கேட்டது.
பிறகு தாள் திரும்பினது.
தாளின் ஓரம் மேசையில் உரசினதும்.

கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
மீற்றரை வைத்துப் பார்த்தன்.
புள்ளி மூன்று ஐந்து.
புள்ளி மூன்று ஐந்து.
ஐந்து மணிக்கு வாகனம் வரும்.