அகலாங்கு

கஸ்தூரியார் வீதியில் ஷட்டரைப் பாதி தூக்கையிலேயே
குனிந்து உள்ளே வந்துவிட்டார் எமில்தாசன்.
கையில் சொப்பிங் பை,
பைக்குள் ஒரு கொத்து அரிசி,
அரிசிக்குள் ஜீபிஎஸ்.
"ரெண்டு நாள் புதைச்சு வைச்சனான் பிள்ளை.
எழும்புதில்லை."

வயர் செருகும் துளையிலிருந்து
ஊசியால் ஒரு குறுணியைக் கிண்டி எடுத்தேன்.
அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்று முதலில் சொன்னவர் யாரோ,
அவரால் எனக்கு மாதம் நாலு வேலை.

அமத்தினால் திரை வெளிக்கும்.
சின்ன உலக உருண்டை ஒன்று வரும்.
மூன்று எண்ணுவதற்குள் அணையும்.
திரும்ப வரும். திரும்ப அணையும்.
கடன் கேட்க வந்தவர்
படலையைத் தொட்டுத் தொட்டுத் திரும்புவது மாதிரி.

பற்றரி மாற்றினேன். அதே உருண்டை.
முனைகளில் பச்சைக் களிம்பு;
பழைய பல் பிரஷும் ஸ்பிரிட்டும்.
மீற்றர் மூன்று வோல்ற் காட்டியது, குறைவில்லை.
ஆறு ஸ்குரூ கழற்றினேன். உள்ளே காய்ந்துதான் கிடந்தது.
உடம்பில் ஒன்றுமில்லை, அண்ணை.
எதையோ ஞாபகப்படுத்தப் போய்
அந்த இடத்தில் விழுகிறது.

"ரீசெற் அடிக்கலாமே" என்றான் பக்கத்து மேசை சுலக்சன்.
அடிக்கலாம். ஒரு நிமிடம்.
எழும்பும், ஒரு கல்லும் தெரியாமல்.
எமில்தாசன் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.
"பதினாலு வருசத்து இடம் உள்ளுக்குக் கிடக்கு."

மேல் பொத்தானை விடாமல் பிடித்தபடி
கம்பியூட்டரில் செருகினால்
நித்திரையிலேயே வாய் திறக்கும் சில பெட்டிகள்.
திறந்தது.
உடனே திரைக்கு முன்னால் வந்து நின்றார்.
"பாக்காதேங்கோ."
கடலுக்குள் கல்லுக் கிடக்கும் இடத்தைக்
கட்டின மனிசிக்கும் சொல்வதில்லையாம்.
என் அத்தான் பாசையூர் என்பதை
எப்படியோ விசாரித்து வைத்திருந்தார்.

பார்க்காமல் திருத்த ஒப்புக்கொண்டேன்.
இருநூற்றிப் பன்னிரண்டு கோப்பு.
பாதியை வெளியே வைத்து எழுப்பினேன்: விழுந்தது.
மிச்சத்தில் பாதியை எடுத்தேன்: விழுந்தது.
அதிலும் பாதி.
எழும்பி நின்றது.
அப்படியானால் வினை, இப்போது எடுத்ததற்குள்.
கரண்ட் ஒருதரம் போய் வந்தது. பிளேன்ரீ ஆறி ஆடை கட்டியது.
எட்டாம் தரம், கையில் ஒன்றே ஒன்று.

இதை மட்டும் திறந்து பார்க்கவேணும், அண்ணை.
வாசலைப் பார்த்தார். சுலக்சனைப் பார்த்தார்.
தலையை ஆட்டினார்.

ஒரே வரி.
அகலாங்கு இருந்தது.
நெட்டாங்கு தொடங்க வேண்டிய இடத்தில்
வெள்ளை.

"முந்தநாள் விடியப்புறம்.
மூண்டு பேர் இழுத்தும் வலை அசையேல்லை, அவ்வளவு பாரம்.
எல்லாம் விளைமீன். இப்பிடி நான் ஒருநாளும் கண்டதில்லை.
இடத்தைக் குறிப்பமெண்டு அமத்தினன்,
வள்ளம் ஒரு துள்ளல்,
பெட்டி தண்ணிக்குள்ள, பற்றரி ஒரு பக்கம்."

அழிக்கட்டோ என்று கேட்டேன்.
பதில் வர நேரமெடுத்தது. வீதியில்
மினி பஸ் ஒன்று கோர்ன் அடித்தபடி நின்று, ஆள் ஏற்றிப் போனது.
"அழியுங்கோ."

உருண்டை வந்தது. நின்றது.
பிறகு கறுப்புக் கடலில் ஒவ்வொன்றாய்
இருநூற்றிப் பதினொரு புள்ளி.
முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சொன்ன வாக்குக்காக.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொன்னார்:
ஒன்பது பாகை, நாற்பத்துநாலு தசம் இரண்டு, வடக்கு.
இது இடமில்லை அண்ணை, கோடு.
பூமியைச் சுற்றிக்கொண்டு திரும்ப இங்கேயே வரும்.

நாலாய் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.
"கிழக்கால கரை. மேற்கால எல்லை.
நடுவில எவ்வளவு கிடக்கப்போகுது, பிள்ளை?"

அரிசியை மறந்துவிட்டுப் போனார்.

இரவு அத்தான் வந்திருந்தார்.
கடல் எப்படி, ஆர் ஆர் கடைக்கு வந்தவை என்று
சும்மா கேட்பதுபோல் கேட்டார்.
அந்த ஒரு கொத்தை நாலு தரம் கழுவி
வடித்துப் போட்டேன்.
வேறொன்றும் கொடுக்கவில்லை.