பன்னிரண்டு விநாடி

என்ன வேலை என்று கேட்டார் வீட்டுக்காரர்.
துணி கொளுத்துகிற வேலை என்றேன்.
சிரித்துவிட்டு
ஒரு மாத முன்பணம் கூடுதலாகக் கேட்டார்.

காட்பாடியில், ரயில் போனால்
தராசு முள் நடுங்கும் ஆய்வுக்கூடம்.
கவ்வியில் நெட்டாகத் தொங்கும்
முப்பது சென்டிமீட்டர் பாலியஸ்டர்.
கீழே தட்டில் கொஞ்சம் பஞ்சு.
பன்னிரண்டு விநாடி சுடரைக் காட்டி
விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

பருத்தியென்றால் எரிந்து சாம்பலாகும்,
அதோடு முடிந்தது.
இது முதலில் சுருங்கும்,
அடிக்குப் பயந்த பிள்ளைபோல்
சுடரைவிட்டு ஒதுங்கும்.
பிறகு சொட்டும்.
விர்ரென்று இறங்கும் ஒவ்வொரு சொட்டும்
எரிந்துகொண்டே இறங்கும்.
பஞ்சு பற்றிக்கொள்ளும்.

தீக்காயப் பிரிவில் இருக்கிறாள் எஸ்தர் மெர்லின்.
உரிக்கும்போது
எது சேலை எது தோல் என்று
தெரியாதுடி என்று ஒருநாள் சொன்னாள்.
பாகாயம் பஸ்ஸில் இருந்தோம்.
முன்சீட்டுக்காரியின் நைலான் முந்தானை
காற்றில் வந்து வந்து
அவள் கைமேல் விழுந்துகொண்டிருந்தது.

பழைய மருந்து உண்டு, புரோமின்.
நெருப்பை நிறுத்திவிடும்.
ஆனால் நெருப்போடு அது நிற்காது.
துவைத்த தண்ணீரில் இறங்கி
மீனுக்குள் போய்
தாய்ப்பாலில் ஒரு தசம எண்ணாகத் திரும்பிவரும்.
எனக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.
தோல் தொட்டித் தண்ணீர்
கிணற்றுக்குள் வந்து பழுப்பேறியதை
எட்டிப் பார்த்திருக்கிறேன்.

அதனால் தவிட்டுக்கு வந்தோம்.
ஆரணி மில்லிலிருந்து ஒரு மூட்டை.
தவிட்டின் அமிலத்தில் ஒரு முக்கு,
நண்டு ஓட்டுக் கரைசலில் ஒரு முக்கு,
உலர்த்தி மறுபடி.
பதினைந்தாம் அடுக்கில்
துணி கறுத்தது, கரி பொங்கியது,
தன் கரியைத் தானே போர்த்திக்கொண்டு
அணைந்தது.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.
நானும் ரகோத்தமனும்
அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம்.

பிறகு துவைத்தோம்.
ஐந்தாம் சலவையில் கரி மெலிந்தது.
எட்டாம் சலவையில்
விர்.

நல்லது சீக்கிரம் கரையும்,
கெட்டதுதான் நின்று பிடிக்கும் என்றார் ரகோத்தமன்.
அதை நோட்டில் எழுதிவிடாதீர்கள் என்றேன்.

அக்காவுக்குக் குடியாத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனி.
அவள் குச்சி பற்றாவிட்டால் கூலியில் பிடிப்பார்கள்.
என் துணி பற்றினால்
அடுத்த வருடம் எனக்குப் பணம் வராது.
அடுப்பை மட்டும் அவளே பற்றவைப்பாள்.

கார்த்திகைக்குப் போயிருந்தேன்.
அக்கா மகள் ஜோஷிதாவுக்கு
லாங்கு பஜாரில் எடுத்த ஃபிராக்,
அடுக்கடுக்காய் நெட்டு, ஓரமெல்லாம் ஜிகினா.
வாசல் வரிசையில் அகல்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள்.
ஈரச் சாக்கோடு பின்னால் போனேன்.
ஒன்று, இரண்டு, மூன்று
என்று வாய் தானாக எண்ணியது.

கண்ணு, இது சின்னதாகிப் போனதும்
சித்திக்குக் குடுப்பியா?
எதுக்கு?
வேலைக்கு.
கொஞ்சம் யோசித்தாள்.
துவைச்சுத் தரணுமா?
பத்து வாட்டி துவைச்சாகூட நல்லதுதான்.
எரிச்சிடுவியா?

முயற்சி பண்ணுவேன் என்றேன்.