கைதிக்கு என்ன உறவு

எனக்குச் சொன்னது சர்க்கார் இல்லை, ஒரு ஃப்ளெக்ஸ்.
செல்லூர்ப் பாலம் இறங்கும் இடத்தில்
காதணி விழாவுக்கு வரவேற்கும் முப்பது முகங்களில்
மூன்றாம் வரிசை, இடமிருந்து நாலாவது.
கறுப்புக் கண்ணாடி, கும்பிட்ட கை.
கீழே ‘தாய்மாமன்’ என்று போட்டிருந்தது.

பழைய போட்டோவாக இருக்கும் என்று நினைத்தேன்.
செத்தவர்களையும்கூடத்தான் போடுகிறார்கள்.
மறுநாள் குரு தியேட்டர் நிறுத்தத்தில்
பழைய போட்டோ நடந்து வந்தது,
இடுப்பில் அக்கா பிள்ளை, கையில் பலூன்.
நான் ஏறிய பஸ் எங்கே போகிறதென்று
கண்டக்டர் சீட்டுக் கிழித்த பிறகுதான் கேட்டேன்.

பத்து வருஷம் என்று தீர்ப்பான அன்று
அரசு வக்கீல் சொன்னார்,
இனி நிம்மதியா இரும்மா.
நாலரைதான் எண்ணியிருந்தேன்.

பரோலுக்கு முன்னால் விசாரித்தார்களாம்,
அக்கா வீட்டுத் தெருவில்.
டீக்கடைக்காரர் நல்ல பையன் என்றாராம்.
கூடல்நகரில் எங்கள் முடுக்குக்கு யாரும் வரவில்லை.
வந்திருந்தால் சுவரைக் காட்டியிருப்பேன்.
ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டோம் என்றுதான்
என் வலது மணிக்கட்டில் இறக்கினான்.

அரசரடி ஜெயில், மனு வாங்கும் சன்னல்.
என்னம்மா வேணும்?
எத்தன நாளைக்கு வெளிய இருப்பான்னு தெரியணும் சார்.
கைதி நம்பர்?
தெரியாது சார்.
என் வீட்டு நம்பர் அவனுக்குத் தெரியும்.

படிவம் ஒன்றைத் தள்ளினார்.
பெயர்: பாண்டிச்செல்வி. வயது: நாற்பத்திரண்டு.
முகவரி எழுதுமுன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.
அடுத்து,
கைதிக்கு என்ன உறவு.

சகலைக்கும் ஓரகத்திக்கும் தனித்தனிச் சொல் வைத்த மொழியில்
வெட்டியவனுக்கு வெட்டுப்பட்டவள் என்ன முறை?
பேனா அங்கேயே நின்றது.

வேண்டியவங்கதாம்மா விசாரிக்கலாம், என்றார்.
நான் வேண்டாதவள்தான் சார்.

பிறகு கையெழுத்தைப் பார்த்தார்.
பான் கார்டைப் பார்த்தார்.
ஒத்து வரலையே?

எழுகடல் தெரு பாத்திரக் கடையில்
பத்தொன்பது வருஷம் பேர் வெட்டியவள் நான்.
குத்துவிளக்கு, அண்டா, பால் செம்பு,
எத்தனை பேர் வீட்டுச் சீரில் என் எழுத்து.
கார்டில் இருப்பது அந்தக் கை.
படிவத்தில் இருப்பது
போன வருஷம்தான் ‘ழ’ போடப் பழகிய இடது கை.
இதையெல்லாம் சொல்லவில்லை.
முழுக்கைச் சட்டையை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன்.

போகட்டும் சார், பிள்ளைக்குக் காது குத்தட்டும்.
தாய்மாமன் மடியில்தான் உட்காரணும்,
அதில் எனக்கு என்ன.
முந்தின நாள் ஒரு போன்.
அன்றைக்கு வேறு பஸ்ஸில் போயிருப்பேன்.
அவ்வளவுதான் என் வழக்கு.

படிவத்தைத் தன் பக்கம் திருப்பி
காலியான கட்டத்தில் அவரே எழுதினார்:
‘தெரிந்தவர்’.
சீல் அடித்தார்.

பதில்?
திங்கக்கிழமை வாங்க.
திங்கக்கிழமை அவன் உள்ள வந்திருவானா சார்?
அதெல்லாம் வெளியாளுக்குச் சொல்லக் கூடாதும்மா.